மாதேஸ்வரன் மலைக்குப் போன இடது கால்

மைசூர், தேவராஜ மொஹல்லா
தை 11, ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி ஜீவிதாவுக்கு, உன் அப்பா போன நாளிலிருந்து உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனும், மைசூர் ஜில்லா முழுக்க ஷாமியானாவும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறவனும், காவிரிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நிகரில்லாத கபடி வர்ணனையாளனுமான உன் தாய்மாமன் நஞ்சுண்டசாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். அங்கே சோனிபத் கபடி முகாமில் உன் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகமாக இருக்க மலை மாதேஸ்வரனான நம் மாதப்பன் துணை. இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பதை முதலிலேயே, வலது கையைச் சாமுண்டி மலைப் பக்கம் நீட்டி, இடது கையை அவரைக்காய்க் கூடையின் மேல் வைத்து, சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் கடைசி வரி வரை படி.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் போனில் ரகசியம் பேசினால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கரும்பு வெட்டுகிறவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னவாம் என்று கேட்கிறான், அப்படிப்பட்ட தொண்டையை ஆண்டவன் கொடுத்துவிட்டான், நான் என்ன செய்வேன். உன் அம்மா வள்ளியாத்தாள் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழில் பேச ஆரம்பித்தால் நாலு தெருவை வாயாலேயே மடக்கிவிடுவாள், எழுத்தென்றால் ஈரோடு பஸ்ஸின் போர்டைக்கூட என்னைத்தான் படிக்கச் சொல்வாள். நான் ஒருவன்தான் தாளவாடியில் பெரியப்பா வீட்டில் தங்கித் தமிழ் படித்தேன், அதை உனக்கு ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன், ஆகவே இந்தக் குடும்பத்தில் தமிழ் எழுத்து என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ராணுவ ரகசியம். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பது தெரியும். கூட்டியே படி, அவசரமில்லை, இதைப் படித்து முடிக்க ஒன்பது மாதம் ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஏன் ஒன்பது என்பதற்குப் பின்னால் வருகிறேன். உன் அம்மா இப்போது எனக்கு எதிரில்தான் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறாள். என்னடா பரீட்சை எழுதறாப்பல குனிஞ்ச தலை நிமிராம எழுதறே என்று கேட்டாள். ஜீவிக்கு அவரைக்காய் விலை எழுதுகிறேன் என்றேன். அதுக்கு எதுக்குடா நாலு பக்கம் என்றாள். விலை அப்படி ஏறியிருக்கிறது அக்கா என்றேன். ஆமாமா, அதைக் கட்டாயம் எழுது என்று சொல்லிவிட்டு உரிக்கப் போய்விட்டாள். ஆக நமக்கு இன்னும் ஒரு கூடை நேரம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை இந்த ஏழு நாளும் நான் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி அணித் தேர்வு, அன்னிக்கு ஆபரேஷன் ஆகி ஏழரை மாசம் ஆயிடும் மாமா, டாக்டரம்மா ஏப்ரல் வரைக்கும் கபடி மேட்ல எறங்கவே கூடாதுங்கறாங்க, ஏப்ரல்ல எறங்கி யார்கூட ஆடறது, அதுக்குள்ள என் எடத்துல வேற ரெய்டர் வந்து உக்காந்துக்குவா, சாயந்தரமானா முட்டி கொஞ்சம் வீங்குது, காலைல வத்திப்போகுது, டாக்டரம்மா பாக்கறது காலைலதானே, ஐஸ் வெச்சு டேப் சுத்திட்டு எறங்கிருவேன், அம்மாகிட்ட சொல்லாதே, உனக்கு மட்டும்தான் புரியும், நீயும் ஆடினவன்தானே என்றாய். அதற்கு உன் மாமன் என்ன சொன்னான். நாலு ஹார்ன் ஸ்பீக்கர் கட்டி, கொள்ளேகாலத்தில் பேசினால் குடகில் காப்பிக்கொட்டை உதிரும்படி முழங்குகிற உன் மாமன், ம் என்றான். அவ்வளவுதான். ஒரு ம். நீயும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தேங்க்ஸ் மாமா என்று சந்தோஷமாக வைத்துவிட்டாய். அந்த ம்-ஐத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இத்தனை காகிதம்.

கதைக்கு வருகிறேன். நீ ஆபரேஷன் தியேட்டருக்குள் போன அன்று உன் அம்மா என்ன வேண்டிக்கொண்டாள் என்பது உனக்குத் தெரியும், புள்ளை எந்திரிச்சு ஓடட்டும், மாதப்பனுக்கு வெள்ளியில் கால் உருவம் செஞ்சு போடறேன் என்று. டிசம்பரில் நீ மெதுவாக ஓடுகிற வீடியோவை அனுப்பினாயே, அதைப் பன்னிரண்டு கோடி முறை பார்த்துவிட்டு, வேண்டுதலை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று கிளம்பிவிட்டாள். கால் வாங்கும் பொறுப்பு எனக்கு. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற வெள்ளிக் கடைக்குப் போனேன். நான் நுழைந்த கம்பீரத்தைப் பார்த்துக் கடைக்காரர் அரண்மனையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் இடதா வலதா என்பதைக் கன்னடத்தில், எடகாலா, பலகாலா என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் சொல்கிற குரலில், எடகாலு என்றேன். சிவப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி முதல் வாரம் கொள்ளேகாலத்தில் பஸ் மாறி மலைக்குப் போனோம். அன்றைக்குக் கூட்டம் என்றால் கூட்டம், நாற்பதாயிரம் பேர், கீழே வைத்த செருப்பு மறுபடி காலுக்கு வர மூன்று நாள் ஆகும் என்கிற கூட்டம். உகே மாதப்பா என்று ஒருவர் சொன்னால் அது வரிசையின் வால் வரை போய்த் திரும்பி வருவதற்குள் நாங்கள் ஒரு அடி நகர்ந்தோம். உண்டியலுக்குப் பத்து ஆள் இருக்கும்போது உன் அம்மா கால் எங்கடா என்று கேட்டு வாங்கிப் பிரித்தாள். அப்புறம் புடவையைச் சற்றே தூக்கித் தன் காலைப் பார்த்தாள், வெள்ளிக் காலைப் பார்த்தாள், மறுபடி தன் காலைப் பார்த்தாள். அடப்பாவி, புள்ளைக்கு அடிபட்டது வலது காலு, எடது காலை வாங்கிட்டு வந்திருக்கயேடா, சாமி நல்லா இருக்கற காலைச் சரி பண்ணிப்போட்டா என்னடா பண்ணுவே என்றாள். எனக்கு வியர்த்தாலும் வாய் வியர்க்கவில்லை. அக்கா, சாமி நமக்கு எதிரில் அல்லவா இருக்கிறார், நமக்கு இடது அவருக்கு வலது, அவர் பார்வைக்கு வைத்து வாங்கியிருக்கிறேன் என்றேன். பின்னால் தேங்காய்ப் பையோடு நின்றிருந்த மேட்டூர்க்காரி, மாதம்மா என்று பெயராம், அண்ணன் சொல்றது நியாயந்தானுங்க்கா, கண்ணாடியில பாத்தா அப்படித்தானே இருக்குது என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஹனூர்ப் பெரியவர், அதெல்லா ஆகல்லம்மா, சாமிக்கு ஏனு கண்ணாடி, கால் கால்தான் என்றார். அவ்வளவுதான், வரிசை இரண்டாகப் பிளந்துவிட்டது. இடது கட்சி இருபதாயிரம், வலது கட்சி இருபதாயிரம். மலை முழுக்க ஒவ்வொருவரும் தன் காலைத் தூக்கிப் பக்கத்து ஆளிடம் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒற்றைக் காலில் நாற்பதாயிரம் பேர். பஸ் டிரைவர்கள் இறங்கி வந்து கட்சி சேர்ந்தார்கள். மொட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் பாதி மொட்டையோடு எழுந்து வந்தார்கள். கடைசியில் கபடியில் தீர்த்துக்கொள்வோம் என்று யாரோ கோடு கிழித்துவிட்டார்கள், நான் கோயில் மைக்கைப் பிடித்து, அன்பார்ந்த பக்தகோடிகளே என்று வர்ணனையை ஆரம்பித்த மாத்திரத்தில், மாதப்பன் ஏறி வரும் புலி ஒரு கண்ணைத் திறந்து, இவனா, என்று பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. சத்தியம். இந்தப் பக்கம் நான் பார்த்தேன், அந்தப் பக்கம் உன் அம்மா பார்க்கவில்லை.

ஆட்டம் முடிவதற்குள் உன் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வாசலில் பூக்கடைக்காரியிடம் தகட்டில் ஒரு வலது கால் வாங்கி, வெள்ளி இடதையும் தகட்டு வலதையும் ஒன்றாகச் சேர்த்து உண்டியலில் போட்டாள். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, தப்பு உன்னுது, அபராதமும் உன்னுது, அடிவாரம் தாளபெட்டா வரைக்கும் உனக்கு பஸ் கிடையாது, நடந்தே எறங்கு என்றாள். நான் என்ன சாதாரண ஆளா, இறங்கினேன். பாதி வழி வரை காட்டெருமைகள் ஒதுங்கி வழிவிட்டன. அதற்கப்புறம் ஒரு படியில் இடது காலை வைத்தேன், மேலே இருந்த நஞ்சுண்டசாமி ஒரு திசைக்கும் கீழே இருந்த கால் வேறு திசைக்கும் போனது. அந்த அதிர்வு மேட்டூர் அணையில் அலையாகத் தெரிந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். முட்டி பலாப்பழமாகிவிட்டது. ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உனக்குப் போனில் சுளுக்கு என்று சொன்னோமே, அது இதுதான்.

மைசூரில் டாக்டர் ஸ்கேன் எடுத்தார். எடுத்துவிட்டு, இந்தக் காலில் முன்பு எப்போது அடிபட்டது என்று கேட்டார். நான் வழக்கமான யானைக் கதையை ஆரம்பித்தேன். உனக்கு மனப்பாடம் ஆன கதைதான், தசரா ஒத்திகையில் யானை மிரண்டதும், நான் குறுக்கே பாய்ந்து தும்பிக்கையைப் பிடித்ததும், அது அன்போடு என் காலை மிதித்ததும். உன் அம்மா பக்கத்தில் நின்று, ஆமாங்க டாக்டர், ஆனைதான், பாழாப்போன ஆனை என்று சாட்சி சொன்னாள். டாக்டர் முழுக்கக் கேட்டார், நல்ல மனுஷர். அப்புறம் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து, யானை மிதித்தால் எலும்பு இப்படி இருக்காது, இது காலை ஊன்றித் திரும்பும்போது அறுந்த தசைநார், விளையாடுகிறவர்களுக்கு வருவது, அறுந்து முப்பது வருஷமாவது இருக்கும், பக்கத்தில் இருந்த ஜவ்வும் தேய்ந்து போயிருக்கிறது, இதோடு இத்தனை நாள் எப்படி ஏணி ஏறி ஹார்ன் கட்டினீர்கள் என்றார். ஜீவி, உனக்கு அறுந்த அதே நார்தான். உனக்கு வலது, எனக்கு இடது. உன்னுடையதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள், என்னுடையதைக் கண்டுபிடிக்க ஒரு மலை வேண்டியிருந்தது.

இதிலிருந்து நாலு வரி நான் பெரிதாக்காமல் எழுதுகிறேன், படம் எடுத்துவிட்டதால் இதைப் பெரிதாக்க முடியவில்லை. எனக்கு அப்போது இருபது வயது. ஹனூரில் விநாயகர் சதுர்த்திக் கபடியில், கோட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் முதல் தடவை கால் மடங்கியது. ஊரில் எலும்புக் கட்டுப் போடுகிற பெரியவர் முட்டை வெள்ளைக்கருவில் துணி நனைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மூணு அமாவாசை தாண்டற வரைக்கும் பிரிக்கக் கூடாது என்றார். பத்தொன்பதாம் நாள் கொள்ளேகாலத்தில் இறுதி ஆட்டம். மைசூரிலிருந்து ஒரு மில் அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார், எடுத்தால் வேலை. எங்கள் கேப்டன் கரியப்பன் என்னிடம் வந்து, வீக்கம் வத்திருச்சாடா, நெசத்தைச் சொல்லு, இல்லாட்டி பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றான். நன்றாகக் கவனி, இறங்கு என்று அவன் சொல்லவில்லை. நான் முழுக்கால் பேண்ட் போட்டிருந்தேன். எப்பவோ வத்திருச்சு மச்சான் என்றேன். இரண்டாவது ரெய்டில் என்னை யாரும் தொடக்கூட இல்லை. திரும்பினேன், வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. மண்ணில் படுத்திருந்தபடி பார்த்தேன், அந்த நோட்டுப் புத்தகக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அதற்கப்புறம் நான் கபடி கபடி என்று பாடிப் போனதே இல்லை. கோலூன்றிக்கொண்டு மைசூருக்கு வந்த நேரம் தசரா, ஊரெல்லாம் யானை, கால் என்னாச்சு என்று கேட்டவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. கரியப்பனுக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு விழுந்தது புதுசாக விழுந்தது என்றே நினைத்துக்கொண்டு, ஹனூரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் நம் மைக் செட்டையே பேசிவிடுகிறான்.

டாக்டர் சொன்னதைக் கேட்ட உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் ஆடியபோது அவளுக்கும் சின்ன வயசுதான், என் காலுக்கு ஒத்தடம் கொடுத்தவள் அவள், யானை மிதித்தது என்று நம்பிக்கொண்டே கொடுத்தாள். மூன்றாம் நாள் காப்பியை வைத்துவிட்டு, ஏன்டா நஞ்சா, முப்பத்தொரு வருஷமா அந்த ஆனைகளை நான் எப்படியெல்லாம் வைதேன், தசராவுக்கு எல்லாரும் பழம் குடுக்கறப்ப நான் மொகத்தைத் திருப்பிட்டு நின்னேனேடா, ஒரு வாழைப்பழம் குடுத்திருப்பேனா, வாயில்லாத சீவன், என்ன பாவம் பண்ணுச்சு என்று அழுதுவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. இந்த தசராவுக்கு நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் ஒரு முழுத் தார் வாங்கி, ஊர்வலத்தில் வருகிற அத்தனை யானையிடமும் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம். பாகனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கும் பொறுப்பு எனக்கு. சங்கராந்திக்கு எள்ளு வெல்லம் வாங்கப் போனபோது சர்க்கரை அச்சில் மயிலை எடுக்கவில்லை, தேரை எடுக்கவில்லை, யானையாகப் பொறுக்கி எடுத்தாள். அதில் பெரிய யானை உனக்கு பார்சலில் வருகிறது, தும்பிக்கை உடைந்திருந்தால் நான் பொறுப்பில்லை.

இப்போது எனக்கும் பிசியோதெரபி. உன் மாமனை அடக்க ஆண்டவன் தமிழ்ப்ரியா என்ற ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறான். இருபத்தாறு வயசு இருக்கும், கொள்ளேகாலத்துப் பெண், பேசுவதில் பாதி தமிழ் பாதி கன்னடம், திட்டுவது முழுக் கன்னடம். முதல் நாள் நான் யானை, புலி, மேட்டூர் அணை என்று ஆரம்பித்தேன். அங்கிள், நீவு கதை ஹேள்பேடி, கதை வேண்டாம், காலை மடக்குங்க என்றாள். மடக்கினால் முட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துக் கோணம் பார்க்கிறாள். நூற்றைம்பது இருக்குமா என்று கேட்டேன், தொண்ணூற்றெட்டு என்றாள். நூற்றுநாற்பது என்று எழுதிக்கொள்ளேன், யாருக்குத் தெரியும் என்றேன். என் முகத்துக்கு நேராக அளவுகோலை நீட்டி, நீங்களே ஓதுங்க, படிச்சுப் பாருங்க அங்கிள் என்றாள். என் வாழ்க்கையில் என்னிடமிருந்து ஒரு டிகிரிகூட அதிகமாக வாங்காத முதல் ஆள் அவள்தான். நேற்றைக்கு நூற்றுப்பன்னிரண்டு, மார்தட்டிச் சொல்கிறேன். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துகிறேன், சுவரில் முதுகைச் சாய்த்து இல்லாத நாற்காலியில் உட்காருகிறேன், இரண்டாயிரம் நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து வியர்க்கிறதைப் பார்க்க உன் அம்மா அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிடுகிறாள்.

தமிழ்ப்ரியாவிடம் உன் விஷயத்தைக் கேட்டேன், உன் பெயரைச் சொல்லவில்லை, ஒரு தெரிந்தவர் வீட்டுப் பெண் என்றேன். சாயந்தரம் வீங்கி காலைல வத்துதுன்னா அன்னிக்குப் பண்ற வேலை அந்த முட்டிக்கு ஜாஸ்தின்னு அர்த்தம் அங்கிள், அதை டாக்டர்கிட்ட மறைச்சா அவங்க எதை வெச்சு முடிவு பண்ணுவாங்க என்றாள். ஒன்பது மாசத்துக்கு முன்னாடி மேட்ல எறங்கினா மறுபடி கிழியற சான்ஸ் ரொம்ப ஜாஸ்தி, ஒன்பது மாசம் ஆனாலும் ஒத்தைக் கால்ல குதிக்கற டெஸ்ட்டுல ரெண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே தூரம் வரணும், ரெண்டாவது தடவை கிழிஞ்சு திரும்பி வந்தவங்க கொஞ்சம் பேருதான் என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க அங்கிள் என்றாள். தெரிந்தவர் வீட்டுப் பெண் என்பதை அவள் அரை டிகிரிகூட நம்பவில்லை.

ஆகவே சொல்கிறேன் கண்ணு. இந்தத் தேர்வை விட்டால் உன் இடம் போகலாம். போகாது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, கிரகணத்தையே நிறுத்திக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிற நான் இதற்குக் கொடுக்கவில்லை. உன் இடத்தில் வேறொரு பெண் உட்காரலாம், அவள் நன்றாகவே ஆடலாம், நீ அதை ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டி வரலாம், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைத்தானே பார்க்கிறேன். ஆனால் நான் பார்ப்பதும் நீ பார்ப்பதும் ஒன்றல்ல, உனக்கு ஏப்ரல் என்று ஒன்று இருக்கிறது. அவசரக்காரர் யாரையாவது பின்பற்ற வேண்டுமென்றால் உன் அம்மாவை நினைத்துப் பார், இந்த உலகத்திலேயே பொறுமை இல்லாதவள் அவள்தான், அவளே உன்னை ஏழரை மாதத்தில் இறக்கி வைக்கவில்லை, முழுசாக ஒன்பது மாதம் சுமந்தாள். நீயும் உன் காலை அத்தனை நாள் சுமந்துவிடு. அதுவரை நம் இரண்டு பேருக்கும் போட்டி. ஒவ்வொரு ஞாயிறும் உன் வலது எத்தனை டிகிரி, என் இடது எத்தனை டிகிரி, அளவுகோலோடு படம் எடுத்து அனுப்ப வேண்டும், வாய்க்கணக்கு செல்லாது. நான் உன்னைத் தோற்கடிப்பேன், இப்போதே மேட்டை மடித்து வைத்துக்கொள். நீ எப்போது இறங்கினாலும், அது எந்த ஊராக இருந்தாலும், நாலு ஹார்னையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவேன், அவர்கள் மைக் தராவிட்டால் வெறும் வாயால் வர்ணனை சொல்வேன், ஹரியானா தாங்காது.

உன் அம்மாவிடம் தேர்வு விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் இன்றைய ரயிலுக்கே கிளம்பி வந்து உன் முட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அவளிடம் நீ சொல்லாவிட்டாலும் போகட்டும், டாக்டரம்மாவிடம் நீயே சொல். அவரைக்காய்க் கூடை காலியாகிவிட்டது, விலையெல்லாம் எழுதிட்டயாடா என்று கேட்கிறாள், எழுதிவிட்டேன். பருப்பை நிறைய சேர்த்துக்கொள், நடக்கும்போது போனைப் பார்க்காதே, குளிருக்கு முட்டி உறை பின்னி வைத்திருக்கிறாள், அதில் ஒன்றுதான் உனக்கு, இன்னொன்று எனக்கு. சாமுண்டி தாயும் மாதப்பனும் மைசூர் யானைகள் எல்லாமும் உனக்குத் துணை இருக்கட்டும், நூறு வயசு வரை பாடிப் போய்க் கோட்டைத் தொட்டுத் திரும்பி வா. மறந்துவிடாதே, நாளைக்கு டாக்டரம்மாவிடம் நேரம் கேள், காலையில் வேண்டாம், சாயந்தரம் கேள்.

இப்படிக்கு,
உன் மாமன், வர்ணனைச் சக்கரவர்த்தி, நூற்றுப்பன்னிரண்டு டிகிரி
நஞ்சுண்டசாமி

பின்குறிப்பு: முதலிலேயே சத்தியம் செய்தபடி மலைக் கதையை நீ நம்ப வேண்டாம். நாற்பதாயிரம் பேர் இல்லை, முந்நூறு இருந்தால் அதிகம். யாரும் கட்சி பிரியவில்லை, அந்த மேட்டூர்க்காரியும் ஹனூர்ப் பெரியவரும் மட்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். மைக்கைக் கேட்டேன், திட்டி அனுப்பினார்கள். புலி கண்ணைத் திறக்கவே இல்லை. இடது கால் வாங்கியது மட்டும் நிஜம், ஆனால் அது தப்பாக வாங்கியதல்ல. கடைக்காரர் எடகாலா, பலகாலா என்று கேட்டபோது இரண்டும் கொடுங்கள் என்றேன். உன்னுடைய வெள்ளி வலது கால் இன்னொரு பையில் இருந்தது, உன் அம்மா பிரித்தது என்னுடைய பொட்டலத்தை, அவள் தகட்டுக் கால் வாங்கப் போன நேரத்தில் உன்னுடையதை நானே உண்டியலில் போட்டுவிட்டேன், ஆக மாதப்பனிடம் இப்போது நம் வீட்டுக் கால் மூன்று இருக்கிறது. என் இடது காலுக்காக இத்தனை வருஷத்தில் ஒருவரும் எதுவும் வேண்டிக்கொண்டதில்லை. யார் வேண்டிக்கொள்வார்கள், அது எப்படி அறுந்தது என்று நான்தான் யாரிடமும் சொல்லவில்லையே.